ஊற்று அல்ல

ஐம்பத்தொன்பதில் வண்டி வண்டியாய்க் களிமண் கொட்டி
குதிரைகளை நடக்கவிட்டு இறுக்கிய கரை.
கட்டியது கூட்டுப்பண்ணை.
பண்ணை கலைந்து முப்பது வருடமாயிற்று.
தக்காளி வயல் போயிற்று, மிளகாய் வயல் போயிற்று,
தண்ணீருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.
ஒவ்வொரு பனி உருகலுக்கும்
அது வேலைக்கு வந்துவிடுகிறது.

யாருடைய அணை என்று கேட்டேன்.
அமைச்சகத்தினுடையது என்றது நகராட்சி.
பண்ணை வாரிசுகளுடையது என்றது அமைச்சகம்.
வாரிசுகளில் ஒருவர் சிகாகோவில் லாரி ஓட்டுகிறார்.
தொலைபேசியில் சிரித்தார்:
"எனக்கு அணை இருக்கிறதா? மீன் உண்டா அதில்?"

உண்டு. குத்தகைக்காரன் வெலிஸாரின் கெண்டைகள்.
அவை தப்பிவிடக் கூடாதென்று
கலிங்கின் வாயில் கம்பிவலை அடித்திருக்கிறான்.
வலையில் சிக்கியிருப்பது
நாணல், பாலித்தீன், ஒற்றை ரப்பர் செருப்பு,
அழுகிய போன வருட இலைகள் அத்தனையும்.
வெள்ளத்துக்கு நாம் விட்டிருந்த
ஒரே வாசல் அது.

அடித்தூம்பைத் திறக்கலாமே என்பீர்கள்.
அதன் திருகுசக்கரத்தைத் தொண்ணூற்றேழின் குளிரில்
யாரோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.
நாற்பது கிலோ இருந்திருக்கும்.
அன்று அவர்கள் வீட்டில் ரொட்டி இருந்திருக்கும்.
எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நன்று. போதும். போதாது.
ஆறு வருடமாக மூன்றாவதில் குறியிடுகிறேன்.
ஆறு வருடமாக அது அலமாரிக்குப் போகிறது.
கரைமேல் பாப்லர்கள் என்னைவிட வேகமாக வேலை செய்கின்றன;
வேரை நீட்டித் தண்ணீருக்கு வழி காட்டுகின்றன.
நீரெலிகள் மீதி வழியைத் தோண்டுகின்றன.

கரையின் அடியில் ஸ்தோய்காவின் முட்டைக்கோஸ் தோட்டம்.
அங்கே கசிந்த நீருக்கு அவள் தகரக் குழாய் வைத்து
சங்கிலியில் ஒரு குவளையும் கட்டியிருந்தாள்.
"இந்த ஊற்றுக்குப் பிறகுதான் என் முழங்கால் மடங்குகிறது.
குடியுங்கள், இன்ஸ்பெக்டர்."
குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.
கேள் ஸ்தோய்கா, இது ஊற்று அல்ல என்று
சொல்ல வேண்டியவள் நான்தான்.
தெளிந்த கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி.
விதியைப் பற்றிக்கொண்டு பேசாமலிருந்தேன்.

மார்ச் பதினொன்று, இரவு, மழை.
"ஊற்று பால் கறக்கிறது, வந்து பாருங்கள்."
அவள் குரலில் பயமில்லை, வியப்புதான்.

டார்ச் ஒளியில் ஜாடியை உயர்த்தினேன்.
மஞ்சளாய்க் கலங்கியிருந்தது.
குழாய் வழியே கரை
துகள் துகளாகத் தன்னையே
வெளியே எடுத்துக்கொண்டு போகிறது.

கட்டிடுக்கியோடு கலிங்குக்கு ஓடினேன்.
எட்டாவது கம்பியில் உள்ளங்கை கிழிந்தது.
பதினோராவதில் வலையே பறந்தது.
இருட்டில் வெலிஸார் கத்துவது கேட்டது.
அதற்குமேல் தண்ணீர்தான் பேசியது.

விடிகையில் நீர் நான்கு சாண் இறங்கியிருந்தது.
ஸ்தோய்கா மருமகன் வீட்டுக் கட்டிலில் தூங்கினாள்.
அவள் முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே
கெண்டைகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த அணையைப் பற்றி எனக்கு வந்த முதல் அரசுக் கடிதம்:
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ மீனுக்கு நஷ்டஈடு.
முத்திரை, கையொப்பம், எல்லாம் ஒன்பதே நாளில்.
அணையின் உரிமையாளர் என்ற இடம் காலி.
மீனுக்கு உரிமையாளர் இருந்தார்.

ஜாடி என் அலுவலக ஜன்னலில் இருக்கிறது.
மேலே நீர் கண்ணாடியாய்த் தெளிந்துவிட்டது.
அடியில் ஒரு விரற்கடை மண்,
குதிரைகள் மிதித்தது.
வருகிறவர்கள் பார்த்துவிட்டு
"இப்போது சரியாகிவிட்டது போல" என்கிறார்கள்.

கரை கரைவதற்குச் சத்தம் கிடையாது.
நாளை நகராட்சிக் கூட்டம். எனக்கு ஐந்து நிமிடம்.
ஜாடியைக் கொண்டுபோகிறேன்.
பேசத் தொடங்குமுன்
ஒருமுறை நன்றாகக் குலுக்குவேன்.